பாம்பு எதிரில் வந்த அந்த நிமிஷம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஏரிக்கரை நடை
பெரும்பாக்கம் ஏரிக்கரை, மார்கழி, காலை அஞ்சரை. காதில் பாட்டு. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. குக்கரில் ஆவி போகிற மாதிரி, விடாமல். வண்டி டயரில் காற்று இறங்குகிறது என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் என் ஷூவிலிருந்து ரெண்டடி தள்ளி கண்ணாடி விரியன், சுருண்டு, உடம்பை உப்பிக்கொண்டு. தூக்கிய காலைக் கீழே வைக்கவும் முடியவில்லை, பின்னால் இழுக்கவும் தோன்றவில்லை. பால்காரர் ஒருவர் ஓடிவந்து கட்டையால் அடித்துக் கொன்றார். பாட்டு இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்திருந்தால்? ரெண்டு வருஷமாக இதையேதான் யோசிக்கிறேன்.

முடிச்சூர் பையன்
2015 வெள்ளம். தண்ணி வடிந்து மூணாம் நாள். கட்டில் மெத்தை எல்லாம் ஊறிப்போய், அப்பா தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், முழங்கைகிட்ட ஏதோ கடிச்சுதுடா, எறும்பு போல என்றார். பார்த்தேன். வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. நாலு மணிக்கு வயிற்று வலி. முகாமில் சாப்பிட்ட சாப்பாடு சேரவில்லை என்று நானே ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

அஞ்சரைக்கு, "லைட்டைப் போடுடா" என்றார். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அவருடைய இமை ரெண்டும் திறக்கவில்லை.

கட்டுவிரியன். முதலில் போன இடத்தில் மருந்து இல்லை, வேறு இடம் பாருங்கள் என்றார்கள். அடுத்த இடத்தில் நாலு நாள் வென்டிலேட்டர். பிழைத்துவிட்டார். அந்த ரெண்டு மணியிலிருந்து அஞ்சரை வரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதுதான் இன்னும் தூங்க விடுவதில்லை.

வேளச்சேரி மூணாவது மாடி
ஏரிக்கரை நடை, கொன்றதை எவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். அது போட்ட சத்தமே தள்ளிப் போ என்பதற்குத்தான். அசையாமல் நின்று மெதுவாகப் பின்வாங்கியிருந்தால் அதுவே போயிருக்கும். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றமும்கூட.

எங்கள் அபார்ட்மென்டில் மீட்டர் பாக்ஸ்கிட்ட ஒன்றைக் கட்டுவிரியன் என்று நாலு பேர் சேர்ந்து அடித்தார்கள். நானும் நின்று பார்த்தேன். பிறகு வந்த, பாம்பு பிடிக்கும் இருளர் அண்ணன் அதைக் கையில் எடுத்து, "கோடு தலைகிட்டயே ஆரம்பிச்சு வால்ல மங்கிடுது பாருங்க. கட்டுவிரியனுக்கு இது தலைகீழா இருக்கும். பாவம், விஷமே இல்ல" என்றார். வெள்ளிக்கோல் வரையன். அவர் அதைத் தடவிக்கொண்டே பேசினார். அந்தக் கைதான் கண்ணுக்குள் நிற்கிறது.

இன்னொன்று. முடிச்சூர் பையனின் அப்பாவுக்கு ஏற்றிய மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்புகளை உயிரோடு பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். அந்த விஷம் இல்லாமல் மருந்து இல்லை.

நைட் டூட்டி நர்ஸ்
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தயவுசெய்து கயிறு கட்டாதீர்கள். திருப்போரூர் பக்கத்திலிருந்து ஒரு அண்ணனைக் கூட்டிவந்தார்கள், கணுக்காலில் நைலான் கயிறு, மேலே இன்னொரு முடிச்சு. விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. கயிற்றை அவிழ்க்கவே எங்களுக்குப் பயம், அவிழ்த்ததும் தேங்கிய விஷம் மொத்தமாக ஏறும். விரல் ரெண்டு போனது கயிற்றாலும்தான்.

கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், பச்சிலைக்குப் போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள். மோதிரம், மெட்டி, வளையல் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை ஆட்டாமல், எலும்பு முறிவுக்கு மட்டை வைத்துக் கட்டுகிற மாதிரி கட்டிப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். கடித்த நேரத்தை மட்டும் குறித்து வையுங்கள்.

முடிச்சூர் தம்பி, கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, தழும்புகூடத் தெரியாது. தூங்குகிறவர் விடியற்காலை வயிற்று வலி என்றால் நாங்களே இப்போது இமையைத்தான் முதலில் பார்க்கிறோம். நரம்பு முனையை விஷம் கெடுத்த பிறகு மருந்தால் அதைத் திருப்ப முடியாது, மூச்சைத் தாங்கிப் பிடித்துக் காத்திருக்க வேண்டியதுதான். தரையில் படுத்தே ஆக வேண்டும் என்றால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரை நடை
வேளச்சேரி, சட்டம் சரி. ஆனால் அந்தப் பால்காரரை நான் தப்பு சொல்ல மாட்டேன். வெறுங்காலோடு ஓடிவந்தார். இப்போது டார்ச் இல்லாமல் போவதில்லை, காதில் எதுவும் மாட்டுவதில்லை.

முடிச்சூர் பையன்
நன்றி சிஸ்டர். அப்பா இப்போது கட்டிலில்தான், கொசுவலைக்குள். ராத்திரி லைட்டை மட்டும் அணைக்க விடமாட்டார்.