உதவி: உலர்த்திய அயனித் திரவத்தில் நுண்பால்மம் கலங்குவது ஏன்?

குடுவை (கேள்வி):
வணக்கம். பியூட்டைல் மெத்தில் இமிடசோலியம் டெட்ராஃபுளூரோபோரேட் (இதுவே அயனித் திரவம், அதாவது அறை வெப்பநிலையில் திரவமாக உள்ள உப்பு), டிரைட்டான் எக்ஸ்-100 (சர்ஃபாக்டன்ட், அதாவது பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்), சைக்ளோஹெக்ஸேன் ஆகிய மூன்றையும் கலந்து, அயனித் திரவம் துளிகளாகவும் சைக்ளோஹெக்ஸேன் பிரிகை ஊடகமாகவும் அமையும் நுண்பால்மத்தை (ஒன்றோடொன்று கலவாத திரவங்களின் தெளிந்த நுண்துளிக் கலவையை, மைக்ரோஎமல்ஷனை) தயாரித்து வருகிறேன். அத்துளிகளுக்குள் வெள்ளி நானோதுகள்களை உருவாக்குவது நோக்கம். புட்டியிலிருந்து நேரே எடுத்த அயனித் திரவத்தில் கலவை தெளிவாக நின்றது. அதையே வெற்றிட அடுப்பில் நன்கு உலர்த்தி, அதே எடைகளில் கலந்தபோது கலங்கிவிட்டது. தூய்மை கூடக் கூட நிலைமை மோசமாவது எனக்குப் புரியவில்லை. தெளிந்த மாதிரிகளிலும் டிஎல்எஸ் கருவி (ஒளிச் சிதறலைக் கொண்டு துளி அளவைக் கணக்கிடுவது) ஒவ்வொரு முறையும் வேறு துளி அளவைக் காட்டுகிறது.

பழைய பியூரெட்:
தாங்கள் மூன்று கூறுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். உலர்த்துவதற்கு முன்பு அங்கே நான்கு இருந்தன. இந்த அயனித் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும், டிரைட்டானும் அப்படியே. எடையில் 1 சதவீதம் நீர் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நீரின் மூலக்கூறு எடை 18, இத்திரவத்தினுடையது 226 என்பதால், ஏறத்தாழ எட்டு அயனி இணைகளுக்கு ஒரு நீர் மூலக்கூறு என்று கணக்கு வருகிறது. அந்த நீர் துளியின் நடுவில் குளமாகத் தேங்குவதில்லை. டிரைட்டானின் ஆக்சிஎத்திலீன் சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொண்டு, துளியின் விளிம்பிலுள்ள சர்ஃபாக்டன்ட் அடுக்கில் தங்குகிறது. சிறிதளவு நீர் சேர்ந்தால் இவ்வமைப்பு முன்பைவிடக் கூடுதலான அயனித் திரவத்தைத் தாங்குகிறது என்பது ஏற்கெனவே அறியப்பட்டதே. ஆகவே, தங்கள் கலவை கட்ட வரைபடத்தின் (எந்த விகிதங்களில் கலவை தெளிவாக நிற்கும் என்று காட்டும் படத்தின்) எல்லைக்கு அருகில் இருந்து, நீர் நீங்கியதும் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். கார்ல் ஃபிஷர் முறையில் அயனித் திரவம், டிரைட்டான் இரண்டிலும் நீரின் அளவைக் கண்டறிந்த பிறகு, உலர்ந்த மாதிரியில் மைக்ரோபிப்பெட்டால் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பாருங்கள்.

மூடியையும் கவனியுங்கள். சைக்ளோஹெக்ஸேன் 81 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதிப்பது. தளர்ந்த மூடி வழியாக இரவு முழுவதும் ஆவியானால் காலையில் தங்கள் கையில் இருப்பது வேறொரு கலவை. குளிர்பதனப் பெட்டியிலும் வைக்க வேண்டாம், 6.5 டிகிரியில் அது உறைந்துவிடும்.

அளவி:
டிஎல்எஸ் குறித்து மட்டும் சொல்கிறேன். சைக்ளோஹெக்ஸேனின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.43, இந்த அயனித் திரவத்தினுடையது ஏறத்தாழ 1.42. இரண்டும் இவ்வளவு நெருங்கியிருப்பதால் துளியின் உட்கரு ஒளியை மிகக் குறைவாகவே சிதறச் செய்கிறது. கருவிக்குத் தெரிவது பெரும்பாலும் டிரைட்டான் அடுக்குதான். சமிக்ஞை வலுவற்றிருக்கும்போது ஒரு தூசி விழுந்தாலும் முடிவு மாறும். கருவியில் கொடுக்கும் பாகுநிலை சைக்ளோஹெக்ஸேனுடையதாக, அதாவது 25 டிகிரியில் சுமார் 0.9 மில்லிபாஸ்கல் விநாடியாக, இருக்கிறதா என்று பாருங்கள். அயனித் திரவத்தின் மதிப்பு அதைப்போல் நூறு மடங்கு. 2005 இல் ஈஸ்டோ குழுவினர் இதே அமைப்பைச் சிறுகோண நியூட்ரான் சிதறலால் ஆராய்ந்து, அயனித் திரவம் சேரச் சேரத் துளிகள் பருப்பதைக் காட்டினர். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய சேர்மங்களால் துளிக்கும் ஊடகத்துக்கும் இடையிலான சிதறல் வேறுபாட்டை வேண்டியபடி உண்டாக்கிக்கொள்ளும் வசதி அம்முறைக்கு உண்டு.

குடுவை:
இருவருக்கும் நன்றி. நீரைத் துளித்துளியாகச் சேர்த்ததும் கலங்கல் நீங்கியது; வடிகட்டியபின் டிஎல்எஸ் அளவுகளும் ஓரளவு ஒத்துவருகின்றன. ஆனால் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சேர்த்தவுடன், வெள்ளி அயனியை உலோக வெள்ளியாக மாற்றும் ஒடுக்கியைச் சேர்க்கும் முன்பே, வெண்மையாகக் கலங்குகிறது. இதுவும் நீரால்தானா?

பழைய பியூரெட்:
நீராகவும் இருக்கலாம்; முதலில் குளோரைடைச் சந்தேகியுங்கள். இத்திரவம் பெரும்பாலும் குளோரைடு உப்பிலிருந்து அயனிப் பரிமாற்றத்தால் தயாரிக்கப்படுகிறது. அறை வெப்பநிலையில் நீரோடு முழுமையாகக் கலந்துவிடுவதால், ஹெக்ஸாஃபுளூரோபாஸ்பேட் வகையைப் போல நீரால் கழுவி எச்சக் குளோரைடை எளிதில் நீக்க முடியாது. அயனித் திரவத்தில் சிறிதை நீரில் கரைத்து, நைட்ரிக் அமிலத்தால் அமிலமாக்கி, அதில் சில்வர் நைட்ரேட் விடுங்கள். வெண்படிவு வந்தால் அது சில்வர் குளோரைடு. குளோரைடு குறைந்த வேறு புட்டி வாங்குவதே குறுக்குவழி. படிவு வராவிட்டால், கரைசலோடு சேர்ந்த நீர் அளவு மிஞ்சிவிட்டதா என்பதை அறிய, சில்வர் நைட்ரேட் இல்லாமல் அதே அளவு வெறும் நீரைச் சேர்த்து ஒப்பிடுங்கள்.