பழைய டீசல் லோரிகளை மாற்ற அரசு மானியம் கிடைக்குமா?

பிறை வாசகர்:
வணக்கம். பிறையில் சிறிய அளவில் சரக்கு லோரித் தொழில் செய்து வருகிறோம். எங்கள் லோரிகளில் பாதி 20 ஆண்டுகளைக் கடந்தவை. அமெரிக்க மாநிலங்கள் சில இத்தகைய வண்டிகளை மாற்றப் பணம் தருவதாகப் படித்தேன். அந்த ஏற்பாடு எவ்வாறு நடக்கிறது? பினாங்கு மாநில அரசிடம் அதை எதிர்பார்க்க முடியுமா?

செந்தூல் பொறியாளர்:
கலிபோர்னியாவின் கார்ல் மோயர் திட்டம் 1998 முதலும், டெக்சஸ் மாநிலத்தின் திட்டம் 2001 முதலும் நடப்பில் உள்ளன. கலிபோர்னியாவில் லோரிக்கு மட்டுமன்றி டிராக்டர், படகு, ரயில் எஞ்சினுக்கும் மானியம் உண்டு. சட்டம் ஏற்கெனவே கட்டாயமாக்கிய மாற்றத்துக்குப் பணம் தரமாட்டார்கள். அதற்கு மேல் குறையும் மாசு எத்தனை டன், ஒரு டன்னுக்கு என்ன செலவு என்று கணக்கிட்டே தொகையை முடிவு செய்கிறார்கள். வண்டியை மாற்றும்போது பழைய எஞ்சினை அழித்தாக வேண்டும் என்ற விதியே இதன் உயிர்நாடி; அது இல்லையென்றால் அதே எஞ்சின் வேறொருவர் கைக்குப் போய்ப் புகை கக்கிக்கொண்டிருக்கும். கலிபோர்னியாவில் புகைச் சோதனையிலிருந்து சில ஆண்டுகள் விலக்குப் பெறும் புதிய கார்களின் உரிமையாளர்கள் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதியும் இந்த நிதிக்குச் செல்கிறது.

ஜாலான் ஈப்போ வாசகர்:
ஐயா, நம் மலேசியாவில் வாகனப் பதிவும் சாலை வரியும் மத்திய அரசின் அதிகாரத்தில் உள்ளவை. ஆகவே பினாங்கை மட்டும் நம்பிப் பயனில்லை. மத்திய அரசின் சலுகைகளும் பெரும்பாலும் புதிதாக வாங்குவோரை நோக்கியவையே. மின்சாரக் கார்களுக்கு 2022 முதல் வரிவிலக்கு, மின்சார மோட்டார் சைக்கிளுக்கு 2,400 ரிங்கிட் கழிவு என்றெல்லாம் அறிவித்தார்கள். லோரிக்காரர் கண்டது மலிவு டீசல்தான். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 3.35 ரிங்கிட் ஆனபோது, தகுதி பெற்ற சரக்கு லோரிகளுக்கு 2.15 ரிங்கிட் விலையே நீடித்தது. எரிக்கும் எண்ணெய்க்கு இவ்வளவு பணம் கொடுக்கும் அரசு, அதில் ஒரு பங்கை எஞ்சின் மாற்றத்துக்கு ஒதுக்கியிருக்கலாம் என்பது என் கருத்து.

பட்டர்வொர்த் வாசகர்:
அதை நான் முழுமையாக ஏற்கவில்லை. மானிய டீசலைக் குறைத்தால் லோரி வாடகை ஏறும். அது சந்தையில் காய்கறி விலை வரை எதிரொலிக்கும். அமெரிக்காவிலும் மானியம் போக மீதியை உரிமையாளரே போட வேண்டும், சிறிய நிறுவனங்களுக்கு அதுவே பெருஞ்சுமை. மேலும், 2021 ஏப்ரலில் யூரோ 5 டீசல் வந்தபோது கந்தகத்தின் உச்ச அளவு பத்து லட்சத்தில் 500 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. ஆனால் துகள் வடிகட்டி இல்லாத பழைய எஞ்சின்களில் கரும்புகை அதனால் மட்டும் நின்றுவிடாது. பிறை நண்பரே, ஒவ்வொரு லோரியும் ஓடிய தூரம், டீசல் செலவு, புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) தரும் சோதனை அறிக்கை ஆகியவற்றை இப்போதே தொகுத்து வையுங்கள். கலிபோர்னியாவில் வண்டி உண்மையிலேயே ஓட்டத்தில் இருந்தது என்று நிரூபிக்காதவருக்கு மானியம் கிடையாது. இங்கும் திட்டம் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.