டெக்சாஸ் வீட்டின் மேல் ஏறிய தீர்ப்பு: அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். ஹூஸ்டன் பக்கம் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் குறைந்த வட்டியில் மறுகடன் வாங்க முடியாமல் நிற்கிறோம். என் கணவரின் உணவகம் 2023இல் மூடியது. அடுப்பும் குளிர்பெட்டியும் வாடகைக்குக் கொடுத்த நிறுவனம், அவர் தனிப்பட்ட முறையில் போட்ட ஜாமீன் கையெழுத்தைக் காட்டி 2024இல் தீர்ப்பு வாங்கி, கவுண்டி பதிவேட்டில் ஏற்றிவிட்டது. சொத்தின் உரிமையில் வில்லங்கம் உண்டா என்று சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி அதைக் காட்டி மறுக்கிறது.

வீட்டுக் கடன், சொத்து வரி போன்ற சிலவற்றைத் தவிர மற்ற கடனுக்குக் குடியிருக்கும் வீட்டைத் தொடக்கூடாது என்று டெக்சாஸ் அரசியல் சட்டமே சொல்கிறது. நகரத்தில் 10 ஏக்கர் வரை, விலைக்கு உச்சவரம்பு கிடையாது. எங்களுடையது கால் ஏக்கர்கூட இல்லை.

இப்படிச் சட்டப் பாதுகாப்புள்ள குடியிருப்பு வீட்டைத்தான் ஹோம்ஸ்டெட் என்கிறார்கள். வரிச் சலுகைக்கான ஹோம்ஸ்டெட் விண்ணப்பத்தை டைட்டில் கம்பெனியிடம் காட்டினோம், அது போதாது என்றார்கள். சரி என்று, இது எங்கள் ஹோம்ஸ்டெட்தான் என உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து, தீர்ப்பு வாங்கிய நிறுவனத்துக்கும் அவர்கள் வக்கீலுக்கும் ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபால் அனுப்பி, 30 நாள் கழித்துப் பதிவு செய்தோம். அவர்கள் எதிர் உறுதிமொழி போட்டுவிட்டார்கள். 2024இல் வேலைக்காக டாலஸில் வாடகைக்கு இருந்தோம், இந்த வீட்டையும் வாடகைக்கு விட்டிருந்தோம். அதனால் வீட்டைக் கைவிட்டுவிட்டோமாம்! தற்காலிகமாக வாடகைக்கு விட்டாலும், வேறு வீட்டை ஹோம்ஸ்டெட் ஆக்கிக்கொள்ளாதவரை உரிமை போகாது என்கிறது டெக்சாஸ் சொத்துச் சட்டத்தின் 41.003ஆம் பிரிவு. இப்போது திரும்பி வந்து இங்கேதான் குடியிருக்கிறோம். வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் எல்லாம் இதே முகவரிதான், ஒருநாளும் மாற்றவில்லை.

திரும்பி வரும் எண்ணத்தோடுதான் போனோம் என்பதை டெக்சாஸ் நீதிமன்றத்தில் நிரூபித்தவர்கள் யாராவது இருந்தால், எந்த ஆவணங்கள் எடுபட்டன?