பணியக் கணக்கு (தோட்டத்தின் கீழ்ப் பிரிவு) சொந்தங்கள் குரூப்: அம்மாயியின் கிளினிக் நாள்

*திங்கள்*

டீச்சர் அக்கா 4.12
பணிய லயத்தில் (கீழ் லைன் வீடுகளில்) இப்போது யார் இருக்கிறீர்கள்? அம்மாயி வீட்டுப் பெரியவன், குவைத் சித்தியின் மகன், மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிற வருடம் என்பதால் வகுப்பு டீச்சர் என்னைக் கேட்கிறார். காய்ச்சலா?

பெரிய மாமா (புறக்கோட்டை) 4.20
போன வாரம்தானே பேசினேன். எல்லாம் நல்லாயிருக்கு என்றார்கள் அம்மா.

பக்கத்துக் காம்பரா அத்தை 4.31
எங்கே நல்லாயிருக்கு. வியாழக்கிழமை பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். யாரிடமும் சொல்லாதே என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள், அதனால் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து பையன்தான் தண்ணீர் தூக்குகிறான், தங்கச்சிக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்து முன்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதும் அவன்தான்.

பெரிய மாமா (புறக்கோட்டை) 4.33
ஐயோ. நாளைக்கே 10,000 போட்டுவிடுகிறேன்.

நான் 4.40
மாமா, காசு அப்புறம். பார்மசி பூட்டியதும் கடைசி பஸ்ஸில் நானே போகிறேன்.

நான் 9.17
வந்துவிட்டேன். அம்மாயி தூங்குகிறார்கள், பிள்ளைகளும் தூங்கிவிட்டார்கள். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.
கிளினிக் கொப்பியைப் பார்த்தேன். கடைசியாகத் திகதி போட்டு மூன்று மாதம் ஆகிறது. கிளினிக்கில் ஒரு மாதத்துக்குத்தான் மருந்து கொடுப்பார்கள், அப்படியென்றால் பிரஷர் மாத்திரை எப்போதோ முடிந்திருக்க வேண்டும், ஆனால் பால்மா டின்னுக்குள் இன்னும் கிடக்கிறது. எல்லாம் பாதி பாதியாக, சிலது கால் துண்டு. டின்னுக்குப் பக்கத்தில் பாக்குவெட்டி, அதன் வாயில் வெள்ளையாக மாவு ஒட்டியிருக்கிறது. மாத்திரையைப் பாக்கு மாதிரி வெட்டி வெட்டிச் சாப்பிட்டு நாளை ஓட்டியிருக்கிறார்கள். தலை சுற்றாமல் என்ன செய்யும்.

அம்மா (நுவரெலியா) 9.25
ஏன் கிளினிக் போகவில்லையாம்? ஒரு போன் போட்டுச் சொல்லக்கூடாதா?

நான் 9.31
பையன்தான் சொன்னான். கிளினிக் செவ்வாய்க்கிழமை. காலை 6 மணி பஸ்ஸில் போய் நம்பர் எடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்துக்கு வரிசையில் நின்று திரும்பும்போது 2 மணி ஆகிவிடும். சின்னவளின் முன்பள்ளி 11.30க்கு விடுகிறது. அந்த இரண்டரை மணி நேரத்துக்குக் கூட்டிவர ஆள் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

பக்கத்துக் காம்பரா அத்தை 9.38
நான் மலையில் இருப்பேனே பாப்பா. அரை நாளில் கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு வந்தால் அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம்தான் போடுவார்கள்.

நான் 9.41
உங்களைச் சொல்லவில்லை அத்தை, நீங்கள் இல்லாவிட்டால் இதுகூடத் தெரிந்திருக்காது. நம்மைச் சொல்கிறேன். இரண்டு வருடமாக இந்தக் குரூப்பில் ‘அம்மாயி இருக்கிறார்கள், பிள்ளைகளைப் பற்றிக் கவலையில்லை’ என்று எல்லோரும் பூப் படம் போட்டிருக்கிறோம், நானும்தான். 68 வயது அம்மாயிக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பெரிய மாமா (புறக்கோட்டை) 9.48
நான் மாதா மாதம் காசு அனுப்புகிறவன். இதைவிட என்ன செய்யச் சொல்கிறாய்?

அம்மா (நுவரெலியா) 9.50
அண்ணே, காசு போய்ப் பிள்ளையைக் கூட்டிவராது.

பெரிய மாமா (புறக்கோட்டை) 9.51
நீயும்தான் இரண்டு பஸ் தூரத்தில் இருக்கிறாய்.

டீச்சர் அக்கா 9.55
சண்டையைச் சித்திரை வருடப்பிறப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அம்மாயி ஏன் மறைத்தார்கள், அதைச் சொல்.

நான் 10.04
அதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். கிளினிக் வரிசையில் யாரோ ஒரு அம்மா சொன்னார்களாம், பார்க்கிற பாட்டிக்கு முடியாமல் போய்விட்டது என்று தெரிந்தால் நன்னடத்தைக்காரர்கள் (புரபேஷன்) வந்து பிள்ளைகளை ஹோமுக்கு, சிறுவர் இல்லத்துக்குக் கொண்டுபோய் விடுவார்கள் என்று. அதைக் கேட்ட நாளிலிருந்து கிராம சேவகர் வந்தால்கூட முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு விறுவிறு என்று நடந்து காட்டுகிறார்களாம்.

டீச்சர் அக்கா 10.16
இந்தக் கதை தோட்டம் தோட்டமாகச் சுற்றுகிறது. சொந்தக்காரர்கள் பார்க்க இருக்கும்போது ஹோம் என்பது கடைசிக் கட்டம், முடியவே முடியாது என்றால்தான். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் நன்னடத்தை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள், நாமாகவே போய் நிலைமையைச் சொன்னால் உதவி கேட்டுப் போனவர்களாகத்தான் பார்ப்பார்கள். 1929 என்கிற இலக்கத்தையும் பொலிஸ் இலக்கம் மாதிரிப் பயப்படுகிறார்கள், அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், ஆலோசனைக்கும் பேசலாம். ஆனால் பையன் பள்ளிக்கு வராமல் இருப்பதைத்தான் விட முடியாது. 16 வயது வரைக்கும் கட்டாயக் கல்வி, அப்புறம் தரம் 5 வரைக்கும் பள்ளியில் சாப்பாடு கொடுக்கிறார்கள், வீட்டில் நின்றால் அதுவும் போச்சு.

பெரிய மாமா (புறக்கோட்டை) 10.22
அம்மாவுக்கு வயோதிபர் கொடுப்பனவு ஏதும் கிடைக்காதா?

டீச்சர் அக்கா 10.24
70 ஆக வேண்டும் மாமா. இன்னும் இரண்டு வருடம். ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசு எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும், பாதி கல்யாணத்துக்கு, பாதி கூரைத் தகரத்துக்கு. அஸ்வெசும நிவாரணக் காசு வருகிறது, ஆனால் அது குவைத் சித்தி பெயரில் உள்ள கணக்கில் விழுகிறது, அட்டை எங்கே என்று யாருக்கும் தெரியாது.

*செவ்வாய்*

குவைத் சித்தி 1.52
இங்கே இப்போது 11.20. மேடம் வீட்டில் எல்லோரும் படுத்த பிறகுதான் போன் கையில் கிடைக்கும். எல்லாவற்றையும் மேலேயிருந்து வாசித்தேன்.
போகும்போது பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மா கையெழுத்து வைத்தார்கள். அம்மாவுக்கு முடியாமல் போனால் யார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் போக முடியாமல் போய்விடுமோ என்று பயம். பிள்ளைகளின் அப்பா எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. அட்டை என் பச்சைப் பெட்டியில், கல்யாணச் சேலைக்கு அடியில் இருக்கிறது பாப்பா. நம்பரைத் தனியாக உனக்கு அனுப்புகிறேன், இங்கே போடவில்லை.

நான் 5.20
எடுத்துக்கொள்கிறேன் சித்தி. நீங்கள் தூங்குங்கள். இன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டேன், அம்மாயியை நான் கூட்டிப்போகிறேன். சின்னவளை 11.30க்கு யார்?

அம்மா (நுவரெலியா) 5.26
நான் வருகிறேன். முதல் பஸ் ஏறிவிட்டேன். மாதத்தில் அந்த ஒரு செவ்வாய் இனி என்னுடையது, கரட் தோட்டத்தில் சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் அக்கா 5.40
பிள்ளைக்காம்பரா (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையம்) அக்காவிடமும் ஒரு வார்த்தை கேட்டு வைக்கிறேன், அம்மாயி தோட்டத்தில் வேலை செய்த காலத்திலிருந்தே பழக்கம், உங்களால் வர முடியாத மாதத்துக்குச் சின்னவளை அங்கே விடலாம். பெரியவனை நானே கூட்டிப்போகிறேன். சித்தி, நீங்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவர்தானே? பதிவு செல்லுபடியாக இருந்தால், பையன் புலமைப்பரிசில் பாஸ் பண்ணினால் பணியகத்திடமும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், சாதாரண தரம், உயர்தரத்துக்கும் இருக்கிறது. 1989க்கு அடித்துக் கேளுங்கள். அடுத்த வருடம் ஜனவரி 31க்குள் சின்னவளுக்கு 5 முடிகிறது, தரம் 1க்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும்.

பெரிய மாமா (புறக்கோட்டை) 6.02
அவள் கொழும்பில் பிறந்தவள். நான் போய் எடுக்கிறேன், அதையாவது நான் செய்கிறேன்.

டீச்சர் அக்கா 6.05
கொழும்பில்தான் எடுக்க வேண்டும் என்றில்லை மாமா. 1960க்குப் பிறகு பதிந்தது என்றால் இங்கே பிரதேச செயலகத்திலேயே பிரதி எடுக்கலாம். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பீலியிலிருந்து காம்பரா வரைக்கும் ஒரு ஹோஸ் பைப் இழுக்க ஆள் வேண்டும்.

பெரிய மாமா (புறக்கோட்டை) 6.07
எத்தனை அடி?

பக்கத்துக் காம்பரா அத்தை 6.09
நூறு அடியாவது எடுத்துவாருங்கள் அண்ணே. மலிவாக எடுத்தால் வெயிலில் வெடித்துப் போகும்.

நான் 1.48
பார்த்தாகிவிட்டது. பிரஷர் கூடத்தான், ஆனால் வார்டில் வைக்கவில்லை. முழு மாத்திரை, காலையில் ஒன்று, வெட்டக்கூடாது என்று டாக்டர் சிரித்துக்கொண்டே மூன்று தடவை சொன்னார். பிள்ளைகளை யாரும் கொண்டுபோக மாட்டார்கள் என்று பஸ்ஸில் சொன்னேன். பதில் பேசவில்லை. நோர்வூட் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா (நுவரெலியா) 2.15
சின்னவள் சாப்பிட்டுவிட்டாள். என்னை ‘நீ யாரு’ என்று கேட்டாள்.

*புதன்*

பக்கத்துக் காம்பரா அத்தை 6.55
அம்மாயி என் போனில் பேசிப் போடச் சொன்னார்கள், எனக்கு வாய்ஸ் அனுப்ப வராது, அதனால் அப்படியே எழுதுகிறேன்: ‘பார்மசிக்காரியிடம் சொல்லு, மாத்திரை முழுசாகத்தான் சாப்பிட்டேன். போகும்போது என் பாக்குவெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாளாக வெற்றிலை போடவில்லை, வாயெல்லாம் கசக்கிறது.’

நான் 7.01
இரண்டு நாளா? நேற்று மத்தியானம்தானே எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் கொடுத்துவிடுகிறேன், அதுவரைக்கும் வெட்டின பாக்கு வாங்கிக் கொடுங்கள் அத்தை, காசு நான் தருகிறேன்.