டேட்டா அவரா, அதுவா? கற்பனை உலகுக்குத் தமிழ்க் கட்டுரை எழுதியவர்களின் அனுபவங்கள்

ரோஸ்ஹில், மொரீசியஸ்

எல்லாருக்கும் வணக்கம். ஸ்டார் வார்ஸ், ஸ்டார் ட்ரெக் போன்ற அறிவியல் புனைகதைத் தொடர்களுக்குத் தமிழில் கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதியவர்கள் எந்த இடத்தில் முட்டி நின்றீர்கள், என்ன முடிவெடுத்தீர்கள் என்று எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

நான் தமிழாசிரியை. மூன்று ஆண்டுகளாகச் சனிக்கிழமை மதியம் கோவில் கூடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து இந்தக் கட்டுரைகளை எழுத வைக்கிறேன். அவர்களுக்கு வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழ் என்றால் தேர்வுக்குப் படிக்கும் பாடம். பத்துக் குறளை ஒப்பிக்கிற பிள்ளையிடம் சொந்தமாக ஒரு பத்தி எழுதச் சொன்னால் பேனா நகராது. ஸ்டார் வார்ஸில் வரும் ஒளிவாளைப் பற்றி எழுது என்று சொல்லிப் பாருங்கள், தாள் கேட்டு வாங்கி எழுதும்.

முதல் நாளே பெயர்த் தகராறு. ஸ்டார் வார்ஸ் வில்லனைப் பற்றிய கட்டுரைக்கு ஒரு பையன் தலைப்பில் 'டார்க் வாடோர்' என்று எழுதினான். பக்கத்திலிருந்த பெண் அதை அடித்து 'டார்த் வேடர்' என்றாள். இரண்டும் சரிதான். 1977இல் வந்த முதல் படத்தைப் பிரெஞ்சுக்கு மாற்றியவர்கள் பெயர்களிலும் கைவைத்தார்கள். ஹான் சோலோ அங்கே யான் சோலோ. சி-3பிஓ என்ற இயந்திர மனிதன், இசட்-6பிஓ ஆனது. அதன் கூட்டாளி இயந்திரம் ஆர்2-டி2வைத் திருப்பிப் போட்டு டி2-ஆர்2 என்றார்கள். சோலோவின் விண்கலத்தின் பெயரில் இருந்த ஃபால்கன் என்ற வல்லூறு காண்டோர் என்ற கழுகாகிவிட்டது. 'டார்த்' என்ற பட்டம் 'டார்க்' என்றே நிலைத்துப் போனதால், பல வருடம் கழித்து வந்த இன்னொரு வில்லன் மால்கூடப் பிரெஞ்சில் டார்க் மால்தான். அந்தப் பையன் அப்பாவோடு உட்கார்ந்து பிரெஞ்சில் பார்த்தவன். "எங்க வீட்ல இப்படித்தான் மிஸ் சொல்வோம்" என்று சொன்னபோது அவன் முகம் சிறுத்துப் போயிருந்தது.

அன்று ஒரு விதி எழுதினோம். தலைப்பு மூலமொழியின் ஒலிப்படி இருக்கும். பிரெஞ்சுப் பெயர் முதல் வரியிலேயே வரும், அடிக்குறிப்புக்குப் போகாது. அந்தப் பெயரில் தேடினாலும் வந்து சேரும்படி ஒரு வழிமாற்றும் இருக்கும். இந்தத் தீவில் தமிழ் வாசிக்கிற ஒருவர் தேடப்போகும் பெயர் டார்க் வாடோர் என்பதை மறந்துவிட்டு யாருக்காக எழுதுகிறோம்?

அடுத்தது பெரிய சங்கடம். ஒரு மாணவியின் கட்டுரையில் இப்படி ஒரு வரி வந்தது: "வேடர் தன் மகனின் கையை வெட்டினார், இவருக்குக் குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ்." கதைக்குள் இருந்த வாக்கியம் பாதியில் வெளியே குதித்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்விட்டது. ரசிகர்களின் களஞ்சியங்களான மெமரி ஆல்ஃபா, வூக்கிபீடியா இரண்டும் கதை உலகுக்குள் நின்று, நடந்து முடிந்த வரலாறுபோல இறந்தகாலத்தில் எழுதுகின்றன. நடிகர், குரல், படப்பிடிப்பு எல்லாம் அங்கே தனிப் பிரிவுக்குப் போய்விடும். விக்கிப்பீடியாவின் வழி வேறு. 'ஜார்ஜ் லூக்கஸ் உருவாக்கிய பாத்திரம்' என்று வெளியே நின்று தொடங்கி, கதையை நிகழ்காலத்தில் சொல்லும். நாங்கள் உள்ளே நிற்பது என்று முடிவெடுத்தோம். அதற்குக் காரணம் பிள்ளைகள்தான். 'பாத்திரம்' என்று எழுதும்போது தேர்வு விடைபோல எழுதுகிறார்கள். 'இருந்தார், போனார், வீழ்ந்தார்' என்று எழுதும்போது பாட்டி கதை சொல்வதுபோல வாக்கியம் வருகிறது. உடை அணிந்து நடித்த டேவிட் பிரௌஸ், குரல் தந்த ஜோன்ஸ் இருவரையும் 'திரைக்குப் பின்னால்' என்ற பிரிவில் வைத்தோம்.

இன்னொன்று இருக்கிறது, அது பெரிய விஷயம். மற்றவர்கள் சொல்லட்டும், அப்புறம் வருகிறேன்.

செயிந்த்-ஆந்த்ரே, ரீயூனியன்

நான் தமிழைப் பெரியவனான பிறகு கற்றுக்கொண்டவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்த சிக்கல் காலம் பற்றியது. பிரெஞ்சில் வாழ்க்கை வரலாற்றை நிகழ்காலத்தில் சொல்வது சர்வசாதாரணம். நான் அதையே தமிழில் செய்துகொண்டிருந்தேன். 'ஜார்ஜ் லூக்கஸ் 1944இல் பிறக்கிறார், 1977இல் முதல் படத்தை வெளியிடுகிறார்' என்று ஒரு பக்கம் முழுக்க. எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த அம்மா வாசித்துவிட்டு, "தம்பி, பிறந்த மனுஷனை இன்னும் பிறந்துகொண்டே இருக்க வைக்காதே" என்றார். எல்லா 'கிறார்'களையும் தேடித்தேடி மாற்றினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று. படத்தின் கதைச்சுருக்கத்துக்கு மட்டும் நிகழ்காலத்தை விட்டுவைத்தேன். தமிழ்ப் பத்திரிகைகளில் பட விமர்சனம் எழுதுகிறவர்களும் 'ஊருக்கு வருகிறார் நாயகன்' என்றுதானே எழுதுகிறார்கள், அந்த இடத்தில் காதுக்கு உறுத்தவில்லை.

சாட்ஸ்வொர்த், டர்பன்

நான் எழுதியது ஸ்டார் வார்ஸ் இல்லை. 2009இல் வந்த 'டிஸ்ட்ரிக்ட் 9', நீல் புலோம்காம்ப் இயக்கியது. கதை எங்கள் நாட்டில் நடக்கிறது. 1982இல் ஜோகன்னஸ்பர்க் நகரத்துக்கு மேலே ஒரு விண்கலம் வந்து நிற்கிறது. அதிலிருந்து இறக்கப்பட்ட வேற்றுக்கோளினரை முகாமில் அடைக்கிறார்கள். பிறகு அங்கிருந்தும் பெயர்த்து நகரத்துக்கு வெளியே வேறு முகாமுக்கு அனுப்ப ஒரு நிறுவனம் ஆட்களோடு வந்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறது.

படத்தில் மனிதர்கள் அவர்களை 'பிரான்' என்கிறார்கள், இறால். நானும் கட்டுரையில் 'இறால்கள்' என்றே எழுதிவிட்டேன். கதைக்குள் எல்லாரும் சொல்கிற பெயர், கதைக்குள் நின்று எழுதும் கட்டுரை, அதனால் சரி என்று நினைத்தேன். அப்பாவுக்குத் தமிழ் வாசிக்க வராது, கேட்டால் புரியும். சமையலறையில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'இறால்கள் பத்தாம் முகாமுக்கு மாற்றப்பட்டன' என்ற வரியில் நிறுத்தச் சொன்னார்.

இனவாரியாக வாழிடம் பிரித்த குழு வாழிடச் சட்டத்தின் கீழே, டர்பனின் இன்னொரு பகுதியான கேட்டோ மேனரிலிருந்து இங்கே கொண்டுவந்து போடப்பட்ட குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. லாரியில் ஆயாவின் அம்மிக்கல்லை ஏற்ற விடவில்லை என்பதை இன்றைக்கும் சொல்வார். அவர் கேட்டது இதுதான்: "அது அந்தக் கம்பெனிக்காரன் வச்ச பேரு. நீ எதுக்கு அந்தப் பேரைச் சொல்றே? அப்புறம், மாற்றப்பட்டன, மாற்றப்பட்டனன்னா யாரு மாத்துனது? பேரு இல்லையா அவனுக்கு?"

அன்றிரவு முழுக் கட்டுரையையும் திருத்தினேன். 'இறால்' என்ற சொல் இப்போது ஒரே இடத்தில் இருக்கிறது, 'மனிதர்கள் இழிவாக இப்படி அழைத்தார்கள்' என்று. மற்ற இடமெல்லாம் வேற்றுக்கோளினர். 'மாற்றப்பட்டன' போய், 'நிறுவனம் அவர்களை வெளியேற்றியது' என்று வந்தது. 'ன' விகுதி போய் 'ர்' வந்தது. இதற்குப் பிறகு நான் யாருடைய கட்டுரையைத் திருத்தினாலும் முதலில் தேடுவது 'பட்டது, பட்டன, பட்டனர்'. எழுவாயை ஒளித்துவைக்க வசதியான வினை அது. கதைக்குள் நின்று எழுதுவது என்றால் கதையில் அதிகாரம் உள்ளவன் வாயால் பேசுவது ஆகாது. இதை எல்லாரும் உங்கள் நடைக் கையேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காத்ர் போர்ன், மொரீசியஸ்

டர்பன் அண்ணன் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம்.

என் அனுபவம் கலைச்சொல் பற்றியது. ஸ்டார் வார்ஸில் வரும் 'ஃபோர்ஸ்' என்பதற்கு நான் முதலில் 'சக்தி' என்று வைத்தேன். கேட்க நன்றாக இருந்தது. 'சக்தி உன்னோடு இருக்கட்டும்' என்று சத்தமாக வாசித்தபோது பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாயி கையெடுத்துக் கும்பிட்டார். மாரியம்மனைப் பற்றி எழுதுகிறேன் என்று நினைத்திருக்கிறார். அவர் கும்பிட்டதில் தப்பே இல்லை. அந்தச் சொல் எங்கள் ஊரில் ஏற்கெனவே ஒருத்தியின் பெயர். முதல் படத்தில் ஓபி-வான் என்ற முதிய வீரர் அதைச் சொல்லும்போது, உயிர்கள் எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் புலம், அண்டத்தைக் கட்டி வைத்திருப்பது என்கிறார். அதில் வழிபாட்டுக்குரிய தெய்வம் இல்லை. 'விசை' என்று மாற்றினேன். இயற்பியல் பாடச் சொல் என்பதால் முதல் வாரம் வறட்சியாகப் பட்டது, பிறகு பழகிவிட்டது.

அம்மாயியிடம் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். 2014 ஏப்ரலில் லூக்கஸ்ஃபிலிம் நிறுவனம், அதுவரை வந்த ஸ்டார் வார்ஸ் நாவல்களையும் படக்கதைகளையும் 'லெஜண்ட்ஸ்' என்று ஒதுக்கியது. திரைப்படங்களும் 'குளோன் வார்ஸ்' அசைவூட்டத் தொடரும் அதற்குப் பிறகு வருபவையும்தான் கணக்கு. திரான் என்ற தளபதி 1991இல் டிமோதி ஸான் எழுதிய நாவலில் பிறந்தவர். 2014இல் அவர் கணக்கிலிருந்து விழுந்தார். 2016இல் அசைவூட்டத் தொடர் வழியாகத் திரும்ப உள்ளே வந்தார், ஆனால் வேறு வரலாற்றோடு. ஒரே ஆளுக்கு இரண்டு கட்டுரை வேண்டும். இதை எந்தச் சொல்லால் சொல்வது? 'அதிகாரபூர்வம்', 'அதிகாரபூர்வமற்றது' என்று போட்டால் அரசாங்கச் சுற்றறிக்கைபோல இருந்தது.

அம்மாயியிடம் விளக்கினேன். "இதுல என்ன குழப்பம்? வால்மீகில ராவணன் சீதையைக் கையால புடிச்சுத் தூக்குறான். கம்பர்ல தொடவே இல்ல, குடிசையோட மண்ணைப் பேத்துத் தூக்கிட்டுப் போறான். ரெண்டையும் சொல்லணும், ஆனா யார் சொன்னதுன்னு சொல்லிட்டுச் சொல்லணும்" என்றார். அப்போதுதான் நன்னூல் ஞாபகம் வந்தது. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று அது பிரித்து வைத்திருக்கிறதே! இப்போது எங்கள் கட்டுரைகளில் திரைப்படமும் தொடரும் முதல்நூல், ஒதுக்கப்பட்ட நாவல்கள் சார்புநூல். நன்னூல் சொன்ன பொருளுக்கு அப்படியே பொருந்தாது என்று ஒரு புலவர் சொல்லலாம். வாசிக்கிறவருக்கு ஒரு நொடியில் புரிகிறது, எனக்கு அது போதும்.

ரோஸ்ஹில், மொரீசியஸ்

சொன்னபடி திரும்பி வந்துவிட்டேன். நன்னூல் பேச்சு வந்ததும் நல்லதாயிற்று, நான் சொல்லவந்ததும் அதுதான்.

ஸ்டார் ட்ரெக்கில் டேட்டா என்ற இயந்திர அதிகாரி. 1989இல் வந்த ஓர் அத்தியாயத்தில் மாடக்ஸ் என்ற ஆய்வாளர் டேட்டாவைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார். டேட்டா மறுக்கிறார். டேட்டா கப்பற்படையின் சொத்தா, தன் விருப்பப்படி முடிவெடுக்கக்கூடியவரா என்று விசாரணை நடக்கிறது. அத்தியாயம் நெடுக மாடக்ஸ் டேட்டாவை 'அது' என்றே சொல்கிறார். தீர்ப்புக்குப் பிறகு கடைசியில் ஒரே ஒரு முறை 'அவர்' என்கிறார். நீதிபதி அதைக் கவனித்து, நீங்கள் இப்போது 'அது' என்று சொல்லவில்லையே என்கிறார்.

இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சும்மா பார்த்தார்கள். ஏனென்று யோசித்துப் பாருங்கள். கிரியோலில் அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் 'லி' ஒன்றே. பிரெஞ்சில் 'இல்' என்றால் ஆளும்தான், வண்டியும்தான். அந்த வசனத்தின் கனம் இவர்கள் வீட்டு மொழிகளில் விழவே இல்லை. தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் விழுகிறது. முதல் வாக்கியத்தின் கடைசி எழுத்திலேயே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். 'டேட்டா எண்டர்பிரைஸ் கப்பலில் பணியாற்றி...' என்று எழுதிவிட்டு ஒரு பெண் அப்படியே நிறுத்திவிட்டாள். "மிஸ், யாருன்னு தெரியாம முடிக்க முடியலையே."

'மக்கள் தேவர் நரகர் உயர்திணை' என்று நன்னூலைப் பலகையில் எழுதினேன். உயிர் உள்ளவை, இல்லாதவை என்று மீதி எல்லாம் அஃறிணை. ஸ்டார் ட்ரெக்கின் வேற்றுக்கோள் இனமான கிளிங்கான்கள் இதில் எங்கே, டேட்டா எங்கே என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் எத்தனையோ வருடமாகத் திணை நடத்துகிறேன், அதைப் பற்றி ஒரு பிள்ளை குரலை உயர்த்திப் பேசியதை அன்றுதான் பார்த்தேன். நன்னூல் தேவரையும் நரகரையும் சேர்த்துக்கொண்டதே, மனித உடம்பு இருந்தால்தான் என்று அது சொல்லவில்லையே என்றான் அந்த வாடோர் பையன்.

விதி இப்படி அமைந்தது. கட்டுரையின் சொந்தக் குரலில் டேட்டா எப்போதும் 'அவர்'. மாடக்ஸ் பேசுவதை எடுத்துச் சொல்லும்போது 'அது', மேற்கோள் குறிக்குள். டர்பன் நண்பர் சொன்ன விதியும் இதுவே என்பதை இப்போதுதான் உணர்கிறேன். அதோடு, கதையின் வில்லனுக்கும் 'ர்' விகுதிதான். வேடராக மாறுவதற்கு முன் அனாக்கின் என்ற பெயரில் சிறுவனாக வரும் பத்தியில் மட்டும் 'அவன்', ஜெடாய் என்ற வீரர் அணியின் பயிற்சி தொடங்கும் பத்தியிலிருந்து 'அவர்'. வேடரைப் பற்றிச் சொல்லும்போது 'அவன்' என்று கோபத்தில் எழுதிவிடுகிறார்கள், திருத்திக்கொண்டே இருக்கிறேன்.

முடிவு காணாதது ஆர்2-டி2. பேச்சு இல்லை, விசிலும் கீச்சொலியும்தான். ஆனால் கூட இருக்கிறவர்கள் எல்லாரும் ஆளாகவே நினைத்துப் பேசுகிறார்கள். பாதிப் பிள்ளைகள் 'அவர்' என்கிறார்கள், மீதிப் பேர் நாய்க்குட்டியைச் சொல்வதுபோல் 'அது' என்றால்தான் அன்பாக இருக்கிறது என்கிறார்கள். இரண்டு விகுதிகளோடு கட்டுரை வரைவிலேயே இருக்கிறது. டர்பனிலும் செயிந்த்-ஆந்த்ரேவிலும் நீங்கள் எப்படி முடிக்கிறீர்கள் என்று எழுதுங்கள், சனிக்கிழமை வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.