கழிந்த நாளைத் திரும்பிப் பார்க்கும் செபத்தில் எழுந்து வந்த ஒரு கணம்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ஈசூன் வாசகி எழுதியது:

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஆன்ம ஆய்வை இரவில் செய்பவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள் என்பதால் அதன் ஐந்து படிகளை நான் விளக்கப்போவதில்லை. அண்மையில் ஒரு மாலை நடந்தது மனத்தைவிட்டு நீங்க மறுக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அன்று அலுவலகத்தில், நான் நெடுங்காலம் பொறுப்பேற்றுச் செய்திருந்த கணக்கு வேலையை நிர்வாகி அனைவர் முன்னிலையிலும் பாராட்டினார். ராஃபிள்ஸ் பிளேஸில் ரயிலேறி, உட்கார இடம் கிடைத்ததும் கண்களை மூடிக்கொண்டு, முதல் படியான நன்றியை அந்தப் பாராட்டிலிருந்தே தொடங்கினேன். சொற்கள் வந்தன, உள்ளே எதுவும் அசையவில்லை. அடுத்த படியில் தூய ஆவியின் ஒளியை வேண்டி அமர்ந்திருந்தபோது, காலையில் எங்கள் புளோக்கின் மின்தூக்கியில் நடந்த ஒன்று, நான் தேடாமலேயே முன்னே வந்து நின்றது. மூடிக்கொண்டிருந்த கதவுகளுக்கு நடுவே பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி தம் ஊன்றுகோலை நீட்டி எனக்காகத் தடுத்தார். அப்போது அவருடைய பச்சைக்கல் வளையல் கதவு விளிம்பில் மோதி ஒலித்தது. எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. அவர் ஹொக்கியனில் ஏதோ சொன்னார், நான் தலையசைத்தேன், அவ்வளவுதான். அந்த ஒலி நினைவில் திரும்பியபோது, கூட்டம் நிறைந்த ரயிலில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

மாதக்கணக்கில் காத்திருந்த பாராட்டு வறண்டு கிடக்க, யாரும் கேட்காமல் நீண்ட ஓர் ஊன்றுகோல் ஏன் இப்படி என்னை நெகிழச் செய்ய வேண்டும்? ஆண்டவர்தான் அதைச் சுட்டினாரா, களைத்த மனம் தானாகப் பற்றிக்கொண்டதா? இப்படி நீங்கள் தேடாதது எழுந்து வந்ததுண்டா?

இரவுப்பணித் தாதி எழுதியது:

எனக்கு உண்டு, சகோதரி. ஆனால் அது என்னுடைய நாளிலிருந்து வந்ததன்று.

இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு நாளின் முடிவு என்பது காலைப் பேருந்துதான் என்றாலும், விடியலுக்கு முன் வார்டு அடங்கியிருக்கும் நேரத்தில் நின்றபடியே ஒரு சுருக்கமான ஆய்வைச் செய்துகொள்வது என் வழக்கம். அப்படி நின்றிருந்த என்னை, தூக்கம் வராத ஒரு தமிழ்ப் பெரியவர் கவனித்துவிட்டு, "என்னம்மா முணுமுணுக்கிறாய்?" என்று கேட்டார். அவர் இந்து, நெற்றியில் திருநீறு இல்லாமல் ஒரு காலையும் இருக்கமாட்டார். இன்று யாருக்கு நன்றி சொல்வது என்று யோசிக்கிறேன் தாத்தா என்றேன். அவர் சிறிது நேரம் கூரையைப் பார்த்திருந்துவிட்டு, தமக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த ஒருவரின் பெயரைச் சொன்னார். 1968இல் செம்பவாங் கப்பல் பட்டறையாகக் கைமாறுவதற்கு முன்பு, பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் பணிமனையில் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர் இந்தப் பெரியவர். சங்கு ஊதுவதற்குள் வாயிலை எட்ட வேண்டும் என்பதற்காக மூத்த தொழிலாளி ஒருவர் தம் மிதிவண்டியையே கொடுத்துப் பழக்கினாராம். "அந்த ஆளை இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நினைத்ததில்லை" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் இரவு நான் மருந்துத் தட்டோடு போனதும், "கேளு அம்மா, இன்றைக்கு யார் என்று கேளு" என்றார். பிறகு அவரை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பல ஆண்டுகளாக நான் செய்துவரும் செபத்தின் முதல் படி, அதைப் பற்றி எதுவும் அறியாத ஒருவருக்குள் என்னைவிட ஆழமாக இறங்கியதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மெதடிஸ்ட் சபையார் எழுதியது:

இரண்டு சகோதரிகளின் பதிவுகளையும் மரியாதையுடன் வாசித்தேன். ஆனால் ஈசூன் சகோதரியின் கேள்விக்கு ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நெகிழ்ச்சி வந்தது, ஆகவே அங்கே தேவன் இருந்தார் என்று முடிவு செய்வது ஆபத்தான வழி. எல்லாவற்றைப் பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளது என்று எரேமியா 17ஆம் அதிகாரம் கொடுக்கும் எச்சரிப்பை நாம் அனைவரும் அறிவோம். 139ஆம் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனங்களிலும் தாவீது தன்னைத் தானே ஆராய்ந்துகொள்வதாகச் சொல்லவில்லை. தேவனையே ஆராயும்படி கேட்கிறான். ரயிலில் கண்மூடி அமர்ந்து தனக்குள் பார்க்கிறவர், தான் பார்க்க விரும்புவதையே பார்த்துவிட்டு எழுந்துபோவதை யார் தடுப்பது?

இதனால்தான் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளன்று தம் சிறுகுழுக்களுக்கு விதிகளை வகுத்தபோது, ஆய்வைத் தனியறையில் விட்டுவிடவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது கூடி, கடந்த சந்திப்புக்குப் பின் அறிந்து செய்த பாவங்கள் எவை, சந்தித்த சோதனைகள் எவை, அவற்றிலிருந்து எப்படி விடுவிக்கப்பட்டாய் என்று ஒருவரையொருவர் கேட்கும்படி வைத்தார். எங்களில் சில ஆண்கள் சனிக்கிழமை காலையில் ஒரு காப்பிக் கடையில் கூடுகிறோம். அங்கே ஒரு மூத்த சகோதரர் தம் காப்பியைக் கலக்குவதை நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "இந்த வாரம் யாரைப் பார்க்காமல் ஒதுங்கிப் போனீர்கள்?" என்று கேட்டார். எனக்கு ஒரு பெயர் உடனே தெரிந்தது. எந்தத் தனி ஜெபத்திலும் அந்தப் பெயர் எழுந்து வந்ததில்லை. என் அனுபவம் அவ்வளவுதான்.

இதை வாசிப்பவர்களுக்கு என் ஆலோசனை: இருவரோ மூவரோ சேர்ந்துகொள்ளுங்கள். ஆண்கள் ஆண்களோடும் பெண்கள் பெண்களோடும் கூடுவது பேச்சைத் திறந்ததாக்கும். வெஸ்லியின் குழுக்களும் அப்படியே பிரிக்கப்பட்டிருந்தன. உறவினர்களையும் மேலதிகாரிகளையும் ஒரே குழுவில் வைக்காதீர்கள். கேள்விகள் எழுதப்பட்டதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கூட்டம் பிள்ளைகளின் படிப்பையும் வீட்டு விலையையும் பற்றிய உரையாடலாக மாறிவிடும். அங்கே பேசியது அந்த மேசையைத் தாண்டக் கூடாது. ஒருவர் பதில் சொல்லும்போது மற்றவர் புத்தி சொல்லக் கூடாது. கேட்டுவிட்டு அவருக்காக ஜெபித்தால் போதும்.

கிங்ஸ் ரோடு அன்பர் எழுதியது:

மெதடிஸ்ட் ஐயாவின் அக்கறை நியாயமானது. ஆனால் இஞ்ஞாசியாரின் ஆய்வு உணர்ச்சியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்கிறது என்ற எண்ணம் பொருந்தாது. 1521இல் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு காலைச் சிதைத்தபின், லொயோலா கோட்டையில் படுத்துக் கிடந்த அப்போது போர்வீரராயிருந்த இஞ்ஞாசியார் கவனித்தது என்ன? வீரச் செயல்களையும் ஒரு பெருமாட்டியையும் பற்றிய பகற்கனவும் அவருக்கு இனித்தது. புனிதர்களைப்போல் வாழ்வதைப் பற்றிய நினைவும் இனித்தது. முதலாவது நின்றதும் மனம் வறண்டது, இரண்டாவது நின்ற பிறகும் மகிழ்ச்சி தங்கியது. இனிப்பை நம்பாமல், அது எதை விட்டுச்செல்கிறது என்று பார்த்ததிலிருந்துதான் ஆவிகளைத் தேர்ந்து தெளியும், அதாவது உள்ளத் தூண்டுதல்களில் எது கடவுளிடமிருந்து வருவது என்று பிரித்தறியும், விதிகள் அனைத்தும் வளர்ந்தன. ஈசூன் சகோதரி செய்ததும் அதுவே: பாராட்டு விட்டுச்சென்றதையும் வளையல் ஒலி விட்டுச்சென்றதையும் அவர் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார்.

வேலையையும் குடும்பத்தையும் விட்டுப் போகாமலேயே இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளை மேற்கொள்ளும் 19ஆம் முன்குறிப்பு முறையில், ஓர் ஆன்ம வழிகாட்டியிடம் வாரந்தோறும் சென்றுகொண்டிருந்தேன். திருச்சியில் தனியாக இருக்கும் அப்பாவிடம் திரும்பிவிட வேண்டும் என்ற எண்ணம் அப்போது என்னை அலைக்கழித்தது. ஒருநாள் பதவி விலகல் கடிதத்தையே எழுதி எடுத்துப் போனேன். வழிகாட்டி கடிதத்தைப் படிக்கவில்லை. "எத்தனை மணிக்கு எழுதினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நள்ளிரவுக்குப் பின் என்றேன். "அந்த நேரத்தில் செபிக்க முடிந்ததா?" முடியவில்லை. வறட்சியின் காலத்தில், முன்பு ஆறுதலில் எடுத்த முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் தெளிவான விதி. கடிதத்தை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

பல மாதங்களுக்குப் பிறகு, ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, அதே முடிவு எந்தப் பதற்றமும் இல்லாமல் திரும்பி வந்தது. இந்த ஆண்டின் இறுதியில் திருச்சிக்குப் போகிறேன். கடிதத்தின் வாசகம்கூட ஏறக்குறைய அதுவேதான். அப்படியிருக்க, அன்று ஏன் நிறுத்தப்பட்டேன் என்பதை என் மனைவி கேட்கிறார். அவருக்கு நிறைவான பதிலை என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை.

துவாஸ் தொழிலாளி எழுதியது:

நான் தமிழ்நாட்டின் ஓரியூர்ப் பக்கத்துக்காரன். 1693இல் இயேசு சபைக் குருவான புனித அருளானந்தர் தலை கொடுத்த மண் என்பதால், சிறுவயதிலிருந்தே இயேசு சபைக் குருக்களிடம் வளர்ந்தோம். அவர்கள் சொல்லிக்கொடுத்த தனி ஆய்வை இன்றுவரை செய்கிறேன். ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொண்டு, காலையில் நினைவூட்டிக்கொண்டு, நண்பகலிலும் இரவிலும் எண்ணிப் பார்த்துக் கோட்டின்மேல் புள்ளி வைக்க வேண்டும். குறை நிகழும் ஒவ்வொரு முறையும் நெஞ்சில் கை வைக்க வேண்டும். பலர் நடுவில் இருந்தாலும் பிறர் அறியாமல் இதைச் செய்யலாம் என்று இஞ்ஞாசியார் எழுதியிருக்கிறார்.

என்னுடையது கோபம். பட்டறையில் சாரத்தின்மேல் வேலை செய்யும்போது, கீழிருந்து குரல் உயரும் ஒவ்வொரு தடவையும் என் கை நெஞ்சுக்குப் போகும். என்னோடு வேலை செய்யும் வங்காளதேசத்துத் தோழர் இதைக் கவனித்துவிட்டார். எனக்கு நெஞ்சுவலி என்று எண்ணி, தம் வேலையைப் போட்டுவிட்டு, என்னைப் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து வாயருகே நீட்டினார். வலியில்லை, கோபம் என்று எனக்குத் தெரிந்த மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். அவர் என் கையை எடுத்துப் பார்த்துவிட்டு, அதே கையை மறுபடி என் நெஞ்சில் வைத்து அழுத்தினார். அந்த அழுத்தம் எனக்கு இப்போதும் தெரிகிறது. தங்குவிடுதிக்குத் திரும்பி இரவில் நோட்டைத் திறந்தால், அன்று எத்தனை புள்ளி வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

மறைக்கல்வி ஆசிரியை எழுதியது:

ஞாயிறு வகுப்பில் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு இந்தச் செபத்தைச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாரும் கண்திறந்த பிறகு ஒரு பையன், "டீச்சர், எனக்கு எதுவும் வரவில்லை. எதுவும் வராத நாளை ஆண்டவரிடம் எப்படிக் கொடுப்பது?" என்று கேட்டான். மணி அடித்துவிட்டது. அவன் பையைத் தோளில் மாட்டியபடி வாசலில் நின்று என் பதிலுக்காகக் காத்திருந்தான்.

அதற்கு முன், துவாஸ் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். புள்ளிகளைப் பற்றி வருந்தாதீர்கள். ஸ்பெயின் நாட்டு மன்ரேசாவில் இருந்தபோது இஞ்ஞாசியாரே, ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களை மீண்டும் மீண்டும் தோண்டியெடுத்து, உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று எண்ணும் அளவுக்கு வதைபட்டவர். எண்ணுவது உங்களை நொறுக்கினால், ஆன்ம குருவிடம் சொல்லிவிட்டு எண்ணுவதை நிறுத்துங்கள். மனச்சோர்வு தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். செபம் அதற்குப் போட்டியன்று.

புதிதாகத் தொடங்குவோருக்கும் சில சொற்கள். படுக்கையில் சாய்ந்துகொண்டு செய்யாதீர்கள், மூன்றாவது படிக்கு முன் உறங்கிவிடுவீர்கள். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். கால்மணி நேரம் போதும். கழிந்த நாளை மணிவாரியாகப் பாருங்கள்: எழுந்தது, பேருந்து நிறுத்தம், மதிய உணவு, உணவங்காடி வரிசையில் நின்ற நேரம். பெரிய நிகழ்ச்சிகளைத் தேடிப் போனால் சிறியவை நழுவிவிடும். நன்றியைத் தாண்டி நேராகக் குற்றத்துக்குப் போகிறவர்களை நான் அதிகம் பார்க்கிறேன். வீரமாமுனிவரும் தத்துவ போதகர் எனப்பட்ட ராபர்ட் தெ நொபிலியும் பின்பற்றிய இயேசு சபையின் மரபில் நன்றிதான் முதலில் வருகிறது. அந்த வரிசையைக் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். தாம் அன்பு செய்யப்பட்டதை உணராத ஒருவர் தம் பாவத்தைப் பார்த்தால், ஒன்று சாக்குச் சொல்வார், அல்லது உடைந்துபோவார்.

அந்தப் பையனுக்கு, அடுத்த வாரம் பேசலாம் என்று மட்டும் சொன்னேன். அடுத்த வகுப்பு நெருங்குகிறது. உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் எழுதுங்கள்.

மெதடிஸ்ட் சபையார் எழுதியது:

ஆசிரியை அம்மாவுக்கு: வெஸ்லி 1755இல் தொடங்கிவைத்த உடன்படிக்கை ஆராதனையைப் பல மெதடிஸ்ட் சபைகள் ஆண்டின் தொடக்கத்தில் நடத்துகின்றன. அதன் ஜெபத்தில், உமக்காக என்னை வேலையில் அமர்த்தினாலும் சரி, உமக்காக ஒதுக்கிவைத்தாலும் சரி, நிறைந்தவனாக்கினாலும் சரி, வெறுமையானவனாக்கினாலும் சரி என்று கர்த்தரிடம் தன்னை ஒப்படைக்கும் பகுதி வருகிறது. வெறுமையான நாளையும் கொடுக்கலாம் என்று அங்கே பெரியவர்கள் எல்லாரும் சத்தமாகச் சொல்கிறார்கள். அந்தப் பையனிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல், அந்தப் பகுதியை அவனோடு சேர்ந்து வாசித்துப் பாருங்கள். அவன் காத்து நின்றதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

கிங்ஸ் ரோடு சகோதரருக்கு: லொயோலாவில் நடந்ததை நீங்கள் விளக்கிய விதத்தை ஏற்கிறேன். ஆனால் உங்களிடம் நேரத்தைக் கேட்க எதிரே ஒருவர் அமர்ந்திருந்தார் என்பதையும் கவனியுங்கள். தனியாகச் செய்யும் ஆய்வைப் பற்றி நான் சொன்னதில் எனக்கு மாற்றமில்லை.