மெய் அட்டவணையில் உண்மைக்கு மேன்மை உண்டா?

கேள்வி:
தருக்கவியல் பயிலத் தொடங்கியதிலிருந்து ஓர் ஐயம் தொடர்கிறது. கூட்டு வாக்கியம் ஒன்று எப்போது மெய், எப்போது பொய் என்று காட்டும் மெய் அட்டவணைகளில் 'மெய்', 'பொய்' ஆகிய மதிப்புகளை எல்லா இடங்களிலும் இடம்மாற்றினால், 'மற்றும்' என்பதன் அட்டவணை 'அல்லது' என்பதற்கு உரியதாகிறது; 'அல்லது' என்பதன் அட்டவணை 'மற்றும்' என்பதற்கு உரியதாகிறது; 'அல்ல' என்பதன் அட்டவணையோ மாறுவதே இல்லை. அமைப்பில் இரண்டுக்கும் ஏற்றத்தாழ்வு இல்லையெனில், பொய்யைவிட உண்மை மேலானது என்று தருக்கவியல் எந்த அடிப்படையில் கொள்கிறது?

மறுமொழி 1:
அட்டவணையில் தேடினால் அது கிடைக்காது. மெய், பொய் இரண்டையுமே வாக்கியங்கள் குறிக்கும் பொருள்களாகக் கொண்ட ஜெர்மானியத் தருக்கவியலாளர் ஃபிரேகே, 1892ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒடிசியூஸ் என்னும் காப்பியத் தலைவனின் பெயரை எடுத்துக்காட்டுகிறார். அந்தக் காப்பியத்தைக் கலைப்படைப்பாகச் சுவைப்பவருக்கு அந்தப் பெயர் உண்மையில் யாரையேனும் குறிக்கிறதா என்பது பொருட்டல்ல. உண்மையை நாடும் முயற்சிதான் அந்தக் கேள்வியை எழுப்புகிறது என்பது அவர் கருத்து. அப்படியானால் மேன்மையைக் கொண்டுவருவது ஆராய்பவரின் நோக்கமே.

மறுமொழி 2:
'ஆராய்பவரின் நோக்கம்' என்று சொல்லும்போது, அது தனிமனித விருப்பம் போலத் தோன்றிவிடுகிறது. 1959இல் ஆங்கிலேய மெய்யியலாளர் மைக்கேல் டம்மெட் இதைச் சதுரங்கத்தைக் கொண்டு விளக்கினார்: எந்த நிலை வெற்றி, எந்த நிலை தோல்வி என்று பிழையின்றி வகைப்படுத்தத் தெரிந்தும், ஆடுபவர்கள் வெற்றியையே நாடுகிறார்கள் என்பதை அறியாதவர் அந்த ஆட்டத்தை அறிந்தவராக மாட்டார். அதுபோல, உண்மையானதைச் சொல்வதே கூற்றின் இலக்கு என்பது கூற்று என்னும் செயலுக்கே உரியது.

மறுமொழி 3:
கேள்வி தருக்கவியலைப் பற்றியது என்பதால், விடையையும் அங்கிருந்தே தேடலாம். சமச்சீர் குலைவது அட்டவணையில் அல்ல, ஏற்புடைமைக்கு, அதாவது ஒரு முடிவு அதன் முற்கோள்களிலிருந்து (அடிப்படையாகக் கொள்ளும் கூற்றுகளிலிருந்து) முறையாகப் பெறப்படுவதற்கு, நாம் தரும் வரையறையில். முற்கோள்களின் மெய்யை முடிவுக்குக் கடத்துதல், முற்கோள்கள் பொய்யாகாதவரை முடிவும் பொய்யாகாமல் காத்தல் என்னும் இரண்டும் இருமதிப்புத் தருக்கத்தில் ஒன்றே. இடையில் மூன்றாவது மதிப்பு ஒன்றைச் சேர்த்தவுடன் அவை பிரிந்துவிடுகின்றன. அமெரிக்கத் தருக்கவியலாளர் கிளீனி 1938இல் தந்த மும்மதிப்பு அட்டவணைகளில் மெய்யை மட்டும் ஏற்கத்தக்க மதிப்பாகக் கொண்டால், 'ப அல்லது ப அல்ல' ('ப' ஏதேனும் ஒரு வாக்கியம்) என்பதுகூட எப்போதும் ஏற்கத்தக்கதாக இராது. அதே அட்டவணைகளில் இடை மதிப்பையும் சேர்த்து ஏற்றால் கிடைப்பது, கிரகாம் பிரீஸ்ட் 1979இல் முன்வைத்த முரண்புதிர்த் தருக்கம். அதில் அந்த வாய்பாடு நிலைக்கிறது, ஆனால் 'ப எனில் ம', 'ப' ஆகியவற்றிலிருந்து 'ம' என்று முடிவுசெய்ய இயலாது. அட்டவணையில் ஓர் எழுத்தும் மாறாமலே இரு தருக்கங்கள் பிறக்கின்றன.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அவ்வாறெனில் என் கேள்வியே இரண்டாகப் பிரிகிறது. உண்மையை அடைவதும் பிழையைத் தவிர்ப்பதும் தனித்தனி விதிகள் என்று அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1896இல் வாதிட்டது நம்பிக்கையைப் பற்றி. மும்மதிப்புத் தருக்கங்களில் காணும் பிரிவும் அதுவேதானா, அல்லது தோற்றத்தில் மட்டும் ஒத்ததா?

மறுமொழி 3 எழுதியவர்:
முழுவதும் அதுவே அல்ல. ஜேம்ஸ் பேசுவது சான்று போதாத நிலையில் ஒருவர் ஏற்கும் இடரைப் பற்றி. இங்கே பிரிவது முற்கோள்களுக்கும் முடிவுக்கும் இடையிலான உறவு. சான்று முழுமையாகக் கிடைத்த பின்னும் பொய்யன் புதிரின் வாக்கியத்திற்கு ('இந்த வாக்கியம் பொய்' என்பதற்கு) இடை மதிப்புதான் என்று கொள்பவருக்கு, ஜேம்ஸின் இடர் இல்லை. ஆனால் அதை ஏற்பதா விடுவதா என்ற தேர்வு எஞ்சியே இருக்கும்.